கையைச் சுட்டுக்கொண்டவள் எழுதுவது: கிளை நூலகத்தில் கதை நேரம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகத்தில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கதை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வருடம் ஆன செலவு 1,08,700 ரூபாய். புத்தகம் 22,000, தாழ்வான அலமாரி இரண்டு 9,500, கோரைப்பாய் 3,200, சுவர் ஓவியம் 18,000, சுண்டல் கடலைமிட்டாய் வகையில் 16,000, என்னோடு வாசிக்க வந்த இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு மாதம் 2,000 வீதம் பத்து மாதத்துக்கு 40,000. முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன ஒரு கம்பெனியிடமிருந்து கடைசியில் வந்தது 40,000. மிச்சம் 68,700 என் தலையில் விழுந்தது. வளையல் இரண்டும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் கொடுமை.

இதை யாரிடமும் குறையாகச் சொல்ல எழுதவில்லை. இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது, "எங்க ஊர் லைப்ரரியிலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படி மேடம்?" என்று போன் செய்கிறார்கள். ஆசையோடு கேட்பவர்களுக்கு நல்லதை மட்டும் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. எனக்கு அன்றைக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த வளையல் கையில் இருந்திருக்கும்.

நான் தனியார் நர்சரி பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். பிள்ளை அங்கன்வாடிக்குப் போய் மதியம் திரும்பிவிடும். பிறகு அம்மாவின் பீடித்தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போன் பார்க்கும். அரசுப் பள்ளியில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்து அழகான சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். அவையும் பள்ளிக்குள் இருப்பவை. பள்ளிக்கு முந்தின வயதுக்காரர்களுக்குப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க ஊரில் ஒரே ஒரு பொது இடம்தான் உண்டு, அது நூலகம். அங்கேயோ அவர்களை யாரும் எதிர்பார்க்கவே இல்லை.

நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 1948ஆம் வருடப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் விடாமல் பேசி நின்றதால் வந்தது. அதன்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 பைசா. பேரூராட்சியோ நகராட்சியோ அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் பாக்கி வைத்துத்தான் கொடுப்பார்கள். வந்த பணம் சம்பளம், வாடகை, மின் கட்டணம், பத்திரிகைச் சந்தா, புத்தகம் என்று போய்விடும். உங்கள் தெருமுனைக் கிளை நூலகர் கையில் ஒரு பாய் வாங்கக்கூடத் தன்னிஷ்டத்துக்குச் செலவழிக்கப் பணம் கிடையாது. பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டும் ஆளுக்குக் கூலி என்று ஒரு கணக்குத் தலைப்பே இல்லை. "நூலக வரி கட்டுறோம்ல, குடுக்கலாம்ல" என்று நூலகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரிடம் இல்லை.

அவரிடம் இருப்பது பயம். எங்கள் நூலகத்தில் படப் புத்தகங்கள் முன்பே இருந்தன. நேஷனல் புக் டிரஸ்ட் போட்டவை, பளபளவென்று, கண்ணாடி பீரோவுக்குள். "சார், வெளியே எடுத்து வைக்கலாமே" என்றேன். "கிழிஞ்சா யார் மேடம் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. இருப்புச் சரிபார்ப்பு வரும்போது குறைந்தால் நூலகர் விளக்கம் எழுத வேண்டும், சில சமயம் கையிலிருந்து கட்டவும் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அது வாயில் வைக்கும், மடக்கும், கிழிக்கும். கிழிக்காத பிள்ளை புத்தகத்தைச் சரியாகத் தொடவில்லை என்றுதான் நான் நினைப்பேன். ஆகவே உங்கள் திட்டத்துக்கு வாங்கும் புத்தகங்களை நூலகத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மறுநிமிடம் அதற்கும் எண் விழும், அதுவும் பீரோவுக்குள் போகும். வாசகர் வட்டத்தின் (நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் ஊர் வாசகர் குழு) புத்தகம், நூலகத்தில் பயன்பாட்டுக்காக வைக்கப்பட்டது என்று முத்திரை போட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியில் எது கிழிந்தாலும் நூலகர் பொறுப்பில்லை என்று ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு எங்கள் நூலகர் வேறு ஆளாகிவிட்டார். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம் என்று அவரே சொன்னார்.

புத்தகம் வாங்குவதில் இன்னொன்று. 22,000 ரூபாயில் பாதிக்கு மேல் நீதிக்கதைத் தொகுப்பாக வாங்கித் தள்ளாதீர்கள், கடைக்காரர்கள் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பக்கம் நிறைய எழுத்து, மூலையில் ஒரு சின்னப் படம். இந்த வயதுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி போதும். மிச்சமெல்லாம் படமாக இருக்க வேண்டும். தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் எல்லாவற்றிலும் தமிழில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே தமிழ்க் கதைகளை இறக்கிக்கொள்ளலாம், எழுதியவர் வரைந்தவர் பெயர்களோடு உரிமக் குறிப்பையும் எடுக்காமல் வைத்தால் அச்சடித்தும் கொடுக்கலாம். ஆனால் இலவசம்தானே என்று எல்லாவற்றையும் கலர் பிரிண்ட் போட்டால் கடையில் வாங்குவதைவிடச் செலவு ஏறிவிடும். நாங்கள் அதை டிவியில் பெரிதாகக் காட்டத்தான் வைத்துக்கொண்டோம்.

பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். நோட்டீஸ் அடித்துப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. பீடிக் கடைக்கு இலை வாங்கவும் சுற்றியதைப் போடவும் அம்மாக்கள் போகும் நாளில் அங்கே போய் நின்று பேசினேன். "ஞாயித்துக்கிழம பத்து மணிக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, தட்டையும் எடுத்துட்டு வாங்க, வராண்டாவுல ஒக்காந்து சுத்துங்க." அந்த 'தட்டையும் எடுத்துட்டு வாங்க'தான் வேலை செய்தது. ஒரு மணி நேரம் போனால் அவர்களுக்குக் கூலி போகும். கூலி போகாத ஏற்பாடு செய்துவிட்டால் பிள்ளை வரும். ஆச்சிகளும் வந்தார்கள். முதல் மாதத்தில் ஒரு நாள், எறும்பு ஒன்று இலையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகும் படத்தைக் காட்டி, "எறும்பு எங்கே போகுது?" என்று கேட்டேன். நான்கு வயது வாண்டு ஒன்று பட்டென்று, "கடைக்கு. பீடி எல வாங்கிட்டு வருது. ராத்திரி சுத்தும்" என்றது. வராண்டாவில் கத்தரி சத்தம் நின்று அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தில் மழை வந்தபோது, "எல நனஞ்சிரும்லா!" என்று ஒரு அம்மாவே உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினார். வாசிப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை. அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளை யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அம்மாக்கள் எதிர்பார்ப்பது வேறு. "டீச்சர், அ ஆ எப்ப எழுதப் போடுவீங்க?" என்று வாராவாரம் கேட்பார்கள். சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை வாசலில் தொங்கும், வந்ததும் தன் அட்டையைத் தானே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சில வாரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கடைப் பலகையில், மஞ்சள்தூள் பாக்கெட்டில், பஸ்ஸில் எல்லாம் கண்டுபிடித்துவிடும். அதைப் பார்த்த அம்மா அதன்பின் கேட்கமாட்டார். புத்தகத் தமிழை என்ன செய்வது என்ற குழப்பமும் வரும். 'நரி ஓடிச் சென்றது' என்று அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள், வாசித்து முடித்ததும் "நரி என்ன செஞ்சுது?" என்று கேளுங்கள். "ஓடிட்டுல்லா" என்று பதில் வரும். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்கிறது. திருத்தப் போகாதீர்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன். எல்லா ஊரையும்போல எங்கள் நூலகத்திலும் இப்போது அதிகம் உட்கார்ந்திருப்பவர்கள் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு வீட்டில் இடம் இல்லை, நூலகம்தான் கதி. நாங்கள் உள்ளே சிங்கம்போல உறுமிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்படி மனப்பாடம் செய்வது? மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போனது. கோபம் வந்தது எனக்கு, அழுகையும் வந்தது. ஆனால் எழுதியவர்கள் பக்கமும் வயிற்றுப்பாடு இருக்கிறது. கதையை வராண்டாவுக்கு மாற்றினோம், ஞாயிறு பத்து முதல் பதினொன்று வரை மட்டும் என்று நேரத்தை எழுதி ஒட்டினோம். பிறகு அந்தத் தேர்வுக் கூட்டத்திலிருந்தே இரண்டு பெண்களை வாசிக்கக் கூப்பிட்டேன். தெளிவாகத் தமிழ் வாசிப்பார்கள், செலவுக்குக் கொஞ்சம் பணம் அவர்களுக்கும் தேவை. அதற்குப் பிறகு புகார் வரவில்லை. ஆரம்பிப்பதற்கு முன்பே, நூலகத்தில் ஏற்கெனவே யார் எந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் போய்ப் பாருங்கள்.

பணம் போன கதை இது. பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருவர் ஜூன் மாதம் வந்தார், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார், நெகிழ்ந்துபோனார். "எஸ்டிமேட் குடுங்க மேடம், சிஎஸ்ஆர்ல பண்ணிரலாம். நீங்க ஆரம்பிங்க" என்றார். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம். அந்த 'நீங்க ஆரம்பிங்க'வை நம்பி அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தேன், பெண்களுக்குச் சம்பளம் பேசினேன். சுவரில் யானை, மயில் வரைவது அவர் யோசனை. செப்டம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ட்ரஸ்ட் பத்திரம், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்க கம்பெனி விவகார அமைச்சகத்தில் போடும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருட ஆடிட் கணக்கு. என்னிடம் ஒரு நோட்டும் பில்களும்தான் இருந்தன. கம்பெனிச் சட்டத்தின்படி இந்தப் பணத்தை அவர்களால் நினைத்தவர்களிடம் கொடுக்க முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து, வெளியே ஒரு ட்ரஸ்ட் மூலமாகச் செய்வதானால் அது வரித்துறையில் பதிவானதாக, சிஎஸ்ஆர்-1 போட்டதாக, மூன்று வருடமாவது இதே மாதிரி வேலை செய்ததாக இருக்க வேண்டும். ஊரை வந்து பார்க்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசியில் வேறொரு பழைய ட்ரஸ்ட் மூலமாக, வருடக் கணக்கை முடிக்கும் அவசரத்தில், மார்ச் கடைசியில் 40,000 வந்தது. பொருளுக்கு மட்டும், ஆள் சம்பளத்துக்கு இல்லை என்ற நிபந்தனையோடு. சுவரில் யானைக்கு மேலே கம்பெனி பெயரும் ஏறியது. புகைப்படத்தில் யானை நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கம்பெனிப் பணம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. வருடத் தொடக்கத்தில் ஏப்ரல், மே மாதத்திலேயே போய்ப் பாருங்கள், அப்போதுதான் திட்டம் போடுவார்கள். உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே பதிவெல்லாம் வைத்திருக்கும் ட்ரஸ்ட் ஒன்றோடு எழுத்துப்பூர்வமாகச் சேருங்கள், அவர்கள் தங்கள் செலவுக்கு எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பொது நூலகம் அமைப்பது கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது, கல்வியும் இருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை ஒரு ஆணி வாங்காதீர்கள். மிக முக்கியமாக, அந்தப் பணத்தைப் பொருளுக்கு மட்டும் வாங்குங்கள். வாசிக்கும் ஆளின் கூலிக்கு அதை நம்பினால் மார்ச் வரைக்கும் அவர் எதைச் சாப்பிடுவார்?

இதற்கு நடுவில் நூலகருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவருக்கு இன்னொரு நூலகமும் கூடுதல் பொறுப்பு, பாவம், பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. "எந்த ஆர்டர்ல நடத்துறீங்க?" என்றார். ஆர்டர் எதுவும் இல்லை, பழையவரின் வாய்வார்த்தைதான். பல வாரம் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். பிள்ளைகள் வாசலில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. பிறகு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதினேன். இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர் இவர், நூலகத்துக்குச் செலவில்லை, சாவி பொறுப்பு இவருடையது என்று ஒரே பக்கத்தில். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து நகலில் ஒப்புகை முத்திரை வாங்கினேன். அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டு பீரோ கதவிலேயே ஒட்டியிருக்கிறோம். நல்ல நூலகர் கிடைத்த சந்தோஷத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் நல்லவராக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டிய காகிதம் அது.

இப்போது எப்படி நடக்கிறது என்றால், மாதச் செலவு 2,800 ரூபாய். வாசிக்கும் இரண்டு பேருக்கு ஞாயிறுக்கு ஆளுக்கு 200 வீதம் நான்கு வாரத்துக்கு 1,600, புதுப் புத்தகம் 500, செல்லோ டேப், அட்டை, கிரேயான் 300, வாழைப்பழமோ கடலையோ 400. சுண்டல் அம்மாக்களே முறைபோட்டுக் கொண்டுவருகிறார்கள். வருமானம், முப்பது பேர் மாதம் நூறு ரூபாய். மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஜவுளிக்கடை அண்ணாச்சி இப்படி. பத்தாயிரம் கேட்டால் யோசிப்பவர்கள் நூறுக்கு யோசிப்பதில்லை, ஒருவர் நிறுத்தினாலும் நிகழ்ச்சி நிற்காது. வசூலுக்கு அலைவதுதான் நாக்கு தள்ளும் வேலை, அதனால் ஜனவரியிலேயே வருடத்துக்கும் சேர்த்து 1,200 வாங்கிவிடப் பார்க்கிறேன். நூலகத்தின் புரவலர் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கட்டச் சொல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். தாராளமாகக் கட்டுங்கள், நூலகத்துக்கு நல்லது. ஆனால் அந்தப் பணம் ஆணைக்குழுக் கணக்குக்குப் போகும், நூலகர் அதிலிருந்து எடுத்து உங்கள் வாசிப்பாளருக்குக் கொடுக்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பணத்தை உங்கள் சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கூட்டுக் கணக்கு வைத்து, மாதக் கடைசியில் வரவு செலவை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம்.

எங்கள் பக்கம் வளைகுடாவில் இருக்கும் ஆட்கள் நிறைய. அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊர்க்காரரே ஆனாலும், அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பெரிய தொகை தருகிறேன் என்று ஆசைகாட்டினார், எந்தப் பாஸ்போர்ட் அண்ணே என்று முதலில் கேட்டேன். கோபித்துக்கொண்டார். பிறகு ஊருக்கு வந்தபோது புத்தகமாக வாங்கிவந்து கொடுத்தார்.

கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எத்தனை பிள்ளைக வாசிக்குது?" மூன்று வயதுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது, எண்ணிக்கையை அள்ளிவிட்டால் அடுத்த வருடம் அதற்கு மேல் கேட்பார்கள். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். புத்தகத்தை நேராகப் பிடிக்கிறதா, அடுத்து என்ன என்று சொல்கிறதா, தன் பெயரின் முதல் எழுத்தைக் காட்டுகிறதா, இந்த மூன்றுக்கும் தேதி மட்டும். கேட்பவரிடம் நோட்டையே நீட்டிவிடுவேன். புகைப்படம் எடுக்க அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டும், முகம் வேண்டாம் என்றால் முதுகுப்பக்கம் எடுத்தால் போதும். பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் நிலைமை எப்போதும் வரக்கூடாது, நானே ஆனாலும். இதைப் பற்றி யாரும் முகம் சுளித்தால் அவர் நமக்கு வேண்டாம்.

தீராதது ஒன்று பாக்கி இருக்கிறது, கழிப்பறை. நூலகத்தில் இருப்பது பெரியவர்களுக்கானது, பாதி நாள் தண்ணீர் வராது. கதை நடுவில் ஒரு பிள்ளை எழுந்தால் பின்னாலேயே ஐந்து எழும்பும், எதிர்வீட்டு ஆச்சியின் கொல்லைப்புறம்தான் கதி. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடும் என்று வார்டு கவுன்சிலர் சொல்கிறார். மதிப்பீடு போட பேரூராட்சி என்ஜினியர் வர வேண்டும். நீங்கள் இடம் பார்க்கும்போது சுவரை அப்புறம் பாருங்கள், முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.